முடியாத மாப்பிள்ளை பெயர்

வேலங்குடியில் மூன்று பேர் கம்ப்யூட்டர் கடை நடத்தி வந்தார்கள். மூவருக்கும் மூளை உண்டு என்றுதான் ஊரார் சொன்னார்கள். அதை எங்கே வைத்திருக்கிறார்கள் என்று மட்டும் யாருக்கும் தெரியவில்லை.

கல்யாண மண்டபத்து வாசலில் பெயர் ஓடும் விளக்குப் பலகை அவர்கள் பொறுப்பு. பெயரைக் கொடுக்கும் புரோகிராமை மாசிலாமணி பைதான் மொழியில் எழுதினான். அதை வாங்கிப் பலகையில் ஓடவிடும் புரோகிராமைத் தனிக்கோடி சி மொழியில் எழுதினான். மூத்தவர் உலகநாதன் எதையும் எழுதவில்லை. ஐம்பத்து மூன்று வயதிலும் தான் செய்தது சரிதானா என்ற சந்தேகம் அவருக்குத் தீரவில்லை. அதனால் செய்யாமலே சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தார்.

இந்த முறை சந்தேகத்துக்குக் காரணமும் இருந்தது. மறுநாள் அதே மண்டபத்தில் அவர் மகளுக்குக் கல்யாணம். சம்பந்தியோ, பத்திரிகையில் மகனின் இனிஷியல் விட்டுப்போனதற்காக முன்பே ஒரு சம்பந்தத்தை முறித்தவர்.

அந்தப் பழைய பலகையை அன்றுதான் அவர்களுக்கு விற்றவர் ஒரு தாள் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். இரண்டு மொழியும் ஒத்துப்போக அதில் ஒரே விதி: பெயர் முடிந்ததும் ஒரு பூஜ்ஜியம் அனுப்ப வேண்டும். அது வரும்வரை பலகை நிறுத்தாமல் படிக்கும்.

மாசிலாமணி முகம் சுருங்கியது.

"மொய்கூட நூத்தியொண்ணுதான் எழுதுறோம், அண்ணாச்சி. மாப்பிள்ளை பேருக்குப் பின்னால பூஜ்ஜியம் வைக்கணுமா?"

பெற்ற அப்பனுக்கு இது தோன்றவில்லையே என்று உலகநாதன் நொந்துகொண்டார். பூஜ்ஜியத்தை முதலிலேயே அனுப்பித் தோஷத்தைக் கழித்துவிடலாம் என்றான் தனிக்கோடி. அனுப்பினார்கள். பெயர் முடிந்துவிட்டது என்று பலகை இருண்டது.

ராகுகாலம் கழியும்வரை காத்திருந்து, பெயருக்குப் பின்னால் பூஜ்ஜியத்துக்குப் பதிலாக மங்கலமாக ஒன்று என்ற எண்ணை அனுப்பினார்கள்.

மறுநாள் சம்பந்தி வந்து இறங்கினார். குமரவேல் என்று ஓடியது பலகை. பூஜ்ஜியத்தைக் காணாததால் மேலே படித்தது. மூன்று வருடமாக அதன் நினைவில் கிடந்ததெல்லாம் மாப்பிள்ளை பெயரோடு ஒட்டிக்கொண்டு வந்தது.

குமரவேல்1பாலதண்டாயுதபாணிகாதணிவிழாசாப்பாடுமாடியில்செருப்பைவெளியேவிடவும்

சம்பந்தி செருப்பைக் கழற்றினார். உலகநாதன் கண்ணை மூடிக்கொண்டார்.

செருப்பை ஓரமாக வைத்துவிட்டு, சம்பந்தி கண் கலங்கினார். "எங்க பரம்பரையிலயே இவ்வளவு நீளமா யாருக்கும் மரியாதை நடந்ததில்ல, சம்பந்தி. என் புள்ள பேரு முழுசா முடியட்டும். அப்புறம்தான் உள்ள வருவேன்."

பெயர் முடியவில்லை. முகூர்த்தம் முடியப் பார்த்தது. பலகையை அணைத்துவிடலாமா என்று தனிக்கோடி கேட்டான். மாப்பிள்ளையைப் பாதியில் அணைப்பது பூஜ்ஜியத்தைவிட மோசம் என்று மாசிலாமணி தடுத்தான். ஐயரை வாசலுக்கு அழைத்து, பலகைக்குக் கீழேயே தாலி கட்ட வைத்தார்கள்.

அடுத்த வாரம் கல்யாணத்தைப் பதிவு செய்யப் போனார்கள். குமாஸ்தா மாப்பிள்ளை பெயரைக் கேட்டார். உலகநாதன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, போனை அவர் காதருகே பிடித்தார்.

"மண்டபத்து வாசல்ல நின்னு மாசிலாமணி படிக்கிறான் சார். எழுதிக்கிட்டே இருங்க. முடிஞ்சதும் சொல்லுவான்."

குமாஸ்தா இன்னொரு தாள் எடுத்தார்.