தாமரைநகரில் நின்ற கொக்கு

ஒரு காட்டில் ஒரு பாறைக்குன்று. அதன் இடுக்கில் செவந்தான் என்ற வெள்ளெலி, மனைவி அலமேலுவோடு குடியிருந்தது. வளை குறுகல். செவந்தான் புரண்டு படுத்தால் பக்கத்து வளை மாமியின் முதுகில் இடிக்கும். அலமேலுவுக்கோ குட்டி போடும் நாள் நெருங்கிவிட்டது.

"பிள்ளைகளை எங்கே போடுறது? உங்க தலைமேலயா?" என்று அலமேலு தினமும் கேட்டது.

அதைக் கேட்டதுபோல் ஒரு கொக்கு வந்து இறங்கியது.

"தாமரைநகர் கேள்விப்பட்டதில்லையா? காட்டுக்குத் தெற்கே, திறந்த வெளி. கால் வச்சா வளை, அப்படி மண்ணு. ஒரே ஒரு மழை பெய்யட்டும். அந்த இடத்தை உங்களாலேயே அடையாளம் கண்டுபிடிக்க முடியாது!"

செவந்தானுக்கு வால் துடித்தது. மறுநாளே கொக்கு வழிகாட்ட, இருவரும் பார்க்கப் போனார்கள்.

உச்சிவெயில். மரமும் இல்லை, நிழலும் இல்லை. தரை பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. காற்று வீசியது, ஆனால் அசைவதற்கு அங்கே எதுவும் இல்லை. எங்கு பார்த்தாலும் வெளுத்துப்போன நத்தை ஓடுகள்.

"அழகுக்குப் போட்டிருக்காங்க போல," என்றது செவந்தான்.

"தாமரை எங்கே?" என்றது அலமேலு.

"பேருதாம்மா," என்றது கொக்கு. சொல்லிவிட்டு, வெளியின் நடுவே போய் ஒற்றைக்காலில் நின்றுகொண்டது.

முன்பே குடிவந்திருந்த நல்லமுத்து என்ற வெள்ளெலி ஓடிவந்தது. "வாங்கண்ணே! நல்ல இடம். ஒரு தொந்தரவு கிடையாது. பாம்புகூட இந்தப் பக்கம் வளை எடுக்கிறதில்லை."

"ஏன் எடுக்கிறதில்லை?" என்றது அலமேலு.

"அது நமக்கு எதுக்கு மதினி?"

வெள்ளெலிகளுக்கு ஒரு வழக்கம் உண்டு, குழந்தைகளே. புது இடத்தில் தலைசாய்க்கும் முன் பின்னங்காலால் தரையைத் தட்டும். பக்கத்து வளைக்காரர் பதிலுக்குத் தட்டுவார். அண்டை கேட்பது என்று அதற்குப் பெயர்.

அலமேலு தட்டியது.

டொக், டொக் என்று பதில் வந்தது.

நல்லமுத்துவோ எதிரே நின்றுகொண்டிருந்தது. சத்தம் பக்கத்திலிருந்து வரவில்லை. அடியிலிருந்து வந்தது.

அலமேலு காதைத் தரையோடு வைத்தது. வெகு ஆழத்தில், சேறு அப்பிய தவளைக் குரல் ஒன்று கேட்டது: "தண்ணி வந்திருச்சா?"

"இன்னும் இல்லை. மேல எவனோ குடிவந்திருக்கான்."

"பாவம். நீ தூங்கு."

அலமேலு மெல்லத் தலையைத் தூக்கியது. கொக்கு இமைக்காமல் நின்றது.

"ஏங்க, தண்ணியே இல்லாத இடத்துல கொக்குக்கு என்ன வேலை?"

"நல்ல காரியம் பேசும்போது எதையாவது சொல்லிக் கெடுக்காதே!" என்று எரிந்து விழுந்தது செவந்தான். பிறகு அதுவும் காதை வைத்துக் கேட்டது. கீழே ஏதோ பெருமூச்சு விட்டுப் புரண்டது. செவந்தானின் மீசை விறைத்தது.

"நல்லமுத்து, நீயும் கிளம்பிடு. இது ஏரிடா!"

"ஏரியா? ஒரு சொட்டுத் தண்ணியைக் காட்டுங்க, வர்றேன்," என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது நல்லமுத்து. "வீடு வாங்கப் பயந்துட்டு என்னமா கதை விடுறீங்க!"

கொக்கு மட்டும் கோபிக்கவில்லை. "மெதுவா யோசிச்சு வாங்க. எனக்கு அவசரமே இல்லை," என்றது.

அந்தக் குறுகல் வளையிலேயே அலமேலு குட்டிகள் போட்டது. மாமி முனகிக்கொண்டே கொஞ்சம் நகர்ந்து படுத்தது.

பிறகு மழை பிடித்தது. விடாமல் கொட்டி ஓய்ந்த ஒரு காலையில் செவந்தான் குன்றின்மேல் ஏறிப் பார்த்தது. தெற்கே தரை இல்லை; வானம்தான் கிடந்தது. ஆயிரம் தவளைகள் ஒரே குரலில் கத்திக்கொண்டிருந்தன.

செவந்தான் பாறையைத் தட்டியது. காத்திருந்தது. மறுபடியும் தட்டியது.

நல்லமுத்து பதில் தட்டவில்லை.

கொக்கு அன்று நின்ற இடத்திலேயே நின்றது. தண்ணீர்தான் அதன் காலைத் தேடி வந்திருந்தது. அது கழுத்தை ஒருமுறை நீட்டிச் சுருக்கி, எதையோ விழுங்கியது.

நீதி: புது இடத்துக்கு உன்னைக் கூப்பிடுகிறவன் அங்கே எதற்காகக் காத்திருக்கிறான் என்று தெரிந்துகொண்டு மூட்டையைக் கட்டு.