சார்ஜ் குறையாத கார்

குருக்கபாளையத்து அண்ணன் தம்பி ஐவருக்கும் மூளை இல்லை என்று ஊரில் சொல்வார்கள். நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். மூளை இருந்தது. அதைச் செலவழிக்க மனசு வரவில்லை, அவ்வளவுதான்.

கடைக்குட்டி நாச்சிமுத்துவுக்குப் பக்கத்து ஊர் மல்லீஸ்வரியைப் பேசி முடித்திருந்தார்கள். பெண்ணின் அப்பா அர்த்தநாரிக்கு வண்டிப் புகை பட்டாலே தலை சுற்றும். மாப்பிள்ளை கரண்டில் ஓடும் காரில் வந்தால்தான் பெண் என்று சொல்லிவிட்டார். அண்ணன்மார் நால்வரும் தாங்களே ஒரு கார் செய்வதென்று இறங்கினார்கள்.

முதல் வருஷம் பழைய கார் ஒன்றை வாங்கி, இன்ஜினைக் கழற்றி, ஒரு மோட்டாரை மாட்டி, ஊரிலிருந்த லாரி, டிராக்டர் பேட்டரிகளையெல்லாம் அதில் ஏற்றினார்கள். கார் ஓடியது. மாப்பிள்ளை உட்காரத்தான் இடமில்லை. காரை மட்டும் அனுப்பித் தாலி கட்டிவிடலாமா என்று ஒரு வாரம் பேசி, கார் எப்படி மாமனார் காலில் விழும் என்று கைவிட்டார்கள்.

இரண்டாம் வருஷம் பேட்டரிகளை இறக்கிவிட்டு, வீட்டு பிளக்கிலிருந்து இருநூறு அடி வயர் இழுத்தார்கள். கார் ஜோராகக் கிளம்பி, மாரியம்மன் கோயில் பக்கம் வயர் தீர்ந்ததும் நின்றது. பெண் வீடு ஆறு கிலோமீட்டர். வீட்டை இருநூறு அடிக்குள் மாற்றிக் கட்ட முடியுமா என்று அர்த்தநாரிக்குச் சொல்லியனுப்பினார்கள். அவரும் இரண்டு மாதம் யோசித்தார்.

மூன்றாம் வருஷம் அவருக்குப் பொறுமை போய்விட்டது. தை இருபது, காலை ஒன்பது மணி முகூர்த்தத்துக்குக் கார் வராவிட்டால் பெண்ணை வேறு இடத்தில் கொடுப்பதாகச் சொன்னார். நாச்சிமுத்துவுக்குச் சோறு இறங்கவில்லை. பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது. மூத்தவர் பொன்னுரங்கம் டவுனுக்கு ஓடி ஒரு எலக்ட்ரீஷியனைக் கூட்டி வந்தார். அவர் நல்ல பேட்டரியாகப் பொருத்தி, நூறு வரைக்கும் சார்ஜ் ஏற்றி, கிளம்பும்போது ஒன்றே ஒன்று சொன்னார்.

"சார்ஜ் மட்டும் குறையாமப் பாத்துக்குங்க."

முகூர்த்தத்தன்று விடிந்ததும் நாச்சிமுத்து பட்டு வேட்டியோடு ஏறிக் கொஞ்ச தூரம் ஓட்டினான். சார்ஜ் மீட்டரில் நூறு, தொண்ணூற்றொன்பது ஆனது. அண்ணன்மார் பதறிப்போய் நிறுத்தச் சொல்லி, திரும்ப வயரைச் செருகி நூறாக்கினார்கள்.

"ஓட்டுனா குறையுதுங்கண்ணா," என்றான் நாச்சிமுத்து.

"அப்ப ஓட்டாமப் போலாம்," என்றார் பொன்னுரங்கம்.

"ஓட்டாம எப்படிங்கண்ணா போறது?"

"தள்ளிக்கிட்டுத்தான்."

இவ்வளவு தெளிவான யோசனை அந்தக் குடும்பத்தில் அதுவரை யாருக்கும் வந்ததில்லை. நால்வரும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தள்ளினார்கள். மேட்டில் முக்கி முனகித் தள்ளினார்கள். இறக்கத்தில் கார் தன்னால் உருண்டபோது, கரண்ட் செலவாகிறதோ என்று பயந்து பின்னாலிருந்து இழுத்துப் பிடித்தார்கள்.

ஒன்பதுக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது, அர்த்தநாரி பார்த்துக்கொண்டிருக்கவே, காரைத் தள்ளிக்கொண்டு வந்து பந்தல் வாசலில் நிறுத்தினார்கள். நால்வருக்கும் நாக்குத் தள்ளிவிட்டது. அர்த்தநாரி காரைச் சுற்றி வந்து மோந்து பார்த்தார். புகை வாடையே இல்லை. உள்ளே மீட்டரை எட்டிப் பார்த்தார். நூறு. ஆறு கிலோமீட்டர் வந்தும் ஒரு பொட்டுக் கரண்ட் குறையவில்லையே என்று அவருக்குக் கண் கலங்கிவிட்டது. மேளம் கொட்டியது, தாலி ஏறியது.

சாப்பாடு முடிந்ததும் அவர் பொன்னுரங்கத்தைத் தனியாக அழைத்துப்போய், கொட்டகையில் கிடந்த தன் பழைய டீசல் காரைக் காட்டினார். புகைக்குப் பயந்து பத்து வருஷமாக எடுக்கவே இல்லையாம்.

"இதையும் கரண்டுக் காரா மாத்திக் குடுத்துருங்க," என்றார். "பேட்டரியெல்லாம் வேண்டாமுங்க. நீங்க நாலு பேரு வந்தாப் போதும்."