அஸ்மினாவின் இடது கழுத்து

பிலோமினாவுக்கு நாற்பத்தாறு வயது. அவளுக்கு டயாலிசிஸ் வேலை கற்றுக்கொடுத்த சற்குணத்துக்கு முப்பத்தொன்று. பொது வார்டில் நர்ஸாக இருந்து மாற்றலாகி வந்த முதல் நாளே அவனை "சார்" என்றாள்.

"தம்பின்னே கூப்பிடுங்கக்கா."

"படிக்க வந்த இடத்துல தம்பி ஏது, சார்?"

அன்று அவன் சொல்லிக்கொடுத்தது ஒன்றுதான். பிள்ளைகளின் கழுத்து நரம்புக்குள் போய் நெஞ்சில் தொங்கும் குழாயின் மூடியை, டயாலிசிஸ் இயந்திரத்தில் மாட்டும்போது மட்டும் திறக்க வேண்டும்; திறக்கிற ஒவ்வொரு முறையும் கிருமி ஏற வழி. மற்ற நாளில் ரத்தம் எடுப்பதென்றால் புறங்கையில் ஊசி. பிள்ளை அழுதாலும் அதுதான்.

அஸ்மினாவுக்கு எட்டு வயது. இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன. வலது கழுத்தில் அடுத்தடுத்து வைத்த இரண்டு குழாய்களும் அடைத்துப்போய், அந்தப் பக்கத்து நரம்பே சுருங்கிவிட்டது. மூன்றாவதை இடது பக்கம் வைத்திருந்தார்கள்.

"மாத்துச் சிறுநீரகம் கிடைக்கிற வரைக்கும் இது தாங்கிரும்ல, சிஸ்டர்?" அவள் உம்மா வந்த நாளெல்லாம் கேட்பாள்.

அஸ்மினா அந்தக் குழாய்க்கு வால் என்று பேர் வைத்திருந்தாள். "குரங்குக்குப் பின்னாடி, எனக்கு முன்னாடி."

ஒரு செவ்வாய்க்கிழமை. அவளுக்கு டயாலிசிஸ் இல்லாத நாள். டாக்டர் ரத்தம் எடுக்கச் சொன்னார். பிலோமினா ஒருமுறை குத்தினாள், வரவில்லை. அஸ்மினா வீறிட்டு அழுது, கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டாள்.

"வால்ல எடுங்களேன் அத்தை. வாலுக்கு வலிக்காது."

பிலோமினா கதவுப் பக்கம் ஒருமுறை பார்த்தாள். கையுறை மாட்டி, மருந்தால் துடைத்து, மூடியைத் திறந்து எடுத்துவிட்டாள். இரண்டு நிமிஷ வேலை. பிள்ளை சிரித்தாள். அன்று முழுக்க அந்தச் சிரிப்பே பிலோமினாவுக்குப் போதுமானதாக இருந்தது.

வெள்ளிக்கிழமை இயந்திரத்தில் மாட்டிய அரை மணி நேரத்தில் அஸ்மினாவுக்குக் குளிர் தூக்கித் தூக்கிப் போட்டது. குழாயில் கிருமி ஏறியிருந்தது. மூன்று நாள் மருந்து ஏற்றியும் காய்ச்சல் இறங்கவில்லை. குழாயை எடுத்துவிட்டார்கள். இடது கழுத்தும் இனி உதவாது, தொடையில்தான் வைக்க வேண்டும் என்றார் அறுவை மருத்துவர். உம்மா எதுவும் கேட்கவில்லை. பிள்ளையின் கால் வரைக்கும் போர்வையை இழுத்துவிட்டாள்.

சற்குணம் மருந்து அறையில் தனியாக இருந்தான். பிலோமினா உள்ளே போனாள்.

"செவ்வாய்க்கிழமை நான் மூடியைத் திறந்தேன், சார்."

"டாக்டர்கிட்ட சொல்லிட்டீங்களா?"

"சொல்லிட்டேன். அவ உம்மாகிட்டயும்."

"என்ன சொன்னாங்க?"

"டாக்டர் கத்தினாரு. உம்மா ஒண்ணும் சொல்லல."

அவன் மருந்துப் பெட்டியை மூடி வைத்தான்.

"என்னாலதானா, சார்?"

"தெரியாது. புதன்கிழமை மிஷின்ல மாட்ட நானும்தான் திறந்தேன்."

"அந்தப் பிள்ளைக்கு வலி பொறுக்கலையேன்னுதான்..."

சற்குணம் சட்டைக் கையை மடித்தான். டயாலிசிஸ் பிரிவில் வேலை பார்க்கிறவர்களுக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை ரத்தப் பரிசோதனை உண்டு. அவனுடையது தள்ளிப்போய்க்கொண்டே இருந்தது.

"எனக்கு எடுங்க."

"இப்பவா?"

"இப்பவேதான்."

குத்தினாள். நரம்பு நழுவியது. ஊசியை வெளியே எடுக்காமல், உள்ளேயே லேசாகத் திருப்பித் தேடினாள். அவன் புருவம் சுருங்கியது, சத்தம் வரவில்லை. ரத்தம் வந்தது.

"நல்லா வலிச்சுது," என்றான். "உங்க கை நடுங்கலையே?"

"நீங்க அழலையே, சார்."

அவன் பஞ்சை அழுத்திப் பிடித்துக்கொண்டான்.

"அப்ப செவ்வாய்க்கிழமை யாருக்குக்கா பொறுக்கல?"