அறுபது பேர் பதுங்குகுழி

ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று கடற்கரை ஊரெல்லாம் நடுங்கிய வருஷம். பெண்கள் உயர்நிலைப் பள்ளியின் மாணவர் தலைவியாக ஜெயித்திருந்தவள் மீன்காரி மகள் செபமாலை.

விமானத் தாக்குதல் தடுப்பு அதிகாரி ராவ்சாகிப் நமசிவாயம், கலெக்டரோடு ஜம்பமாக வந்து இறங்கினார்.

"அபாயச் சங்கு ஊதின இரண்டு நிமிஷத்தில் முந்நூறு பேரும் பதுங்குகுழிக்குள் இருக்கணும். இல்லையென்றால் யுத்தம் முடிகிறவரை பள்ளிக்கூடத்துக்குப் பூட்டுதான். தலைவியாம் தலைவி! நடத்திக் காட்டு பார்ப்போம்."

அந்தக் குழியை வெட்ட வைத்தவரே அவர்தான். அதில் அறுபது பேர் நின்றாலே மூச்சு முட்டும். பள்ளிக்கூடம் மூடினால் தன் படிப்பு அதோடு சரி என்று செபமாலைக்குத் தெரியும். "ஆகட்டும் ஐயா" என்றாள்.

சங்கு ஊதியது. ஒரே நிமிஷத்தில் சின்னப் பிள்ளைகள் அறுபது பேரைக் குழிக்குள் இறக்கிவிட்டாள். மற்றவர்களை வெயிலில் வரிசையாக நிறுத்திவிட்டு, நோட்டும் பென்சிலுமாக அதிகாரி முன்னால் போய் நின்றாள்.

"குழி நிறைஞ்சு போச்சு ஐயா. மிச்சம் இருநூற்று நாற்பது பேரு. சாக வேண்டியது யார் யாருன்னு நீங்களே எழுதிக் கொடுங்க. அவங்க அம்மாமார்கிட்ட நான் போய்ச் சொல்லிருதேன்."

கலெக்டர் குழியை எட்டிப் பார்த்தார். "முந்நூறு பேருக்கு வெட்டியாச்சென்று கையெழுத்துப் போட்டீரே?" என்றார். நமசிவாயத்துக்கு வேர்த்துக் கொட்டியது.

மறுநாளே மண்வெட்டிகள் வந்தன. வாரம் முடிவதற்குள் இன்னும் நாலு குழிகள் தயார். பள்ளிக்கூடம் ஒரு நாள்கூட மூடவில்லை. அடுத்த வருஷத் தேர்தலில் செபமாலையை எதிர்த்து நிற்க ஒருத்தியும் முன்வரவில்லை.