கேட்பாரற்ற சொல்

ஒரு காலத்தில், பாதி நிலமும் பாதி கடலுமாகக் கிடந்த ஒரு நாட்டை வழுதியன் என்றொரு அரசன் ஆண்டுவந்தான். காற்று திசை மாறினால் அவன் மனமும் மாறும்.

ஒரு காலை அமைச்சர் வெண்காடர் சபைக்கு வந்து, "அரசே, பாரசீகக் கப்பல் நங்கூரம் பாய்ச்சிவிட்டது" என்றார்.

அவர் பதவிமேல் வெகுநாளாகக் கண்வைத்திருந்த புலவர் கூத்தபிரான் காதைப் பொத்திக்கொண்டார். "அபசாரம்! நங்கூரம் என்பது அயலார் சொல். 'கலநிறுத்துக் கனக்கொக்கி' என்று நான் ஒன்று செய்துவைத்திருக்கிறேனே!"

"இரவல் பொருளா என் சபையில்?" என்றான் அரசன். "வெண்காடரே, பொழுது சாய்வதற்குள் அதை உரியவரிடம் திருப்பிக் கொடும். முடியாவிட்டால் அதோடு நீரும் கப்பலேறும்."

வெண்காடர் துறைக்கு நடந்தார். மூடுபனியில் கப்பல்கள் பாதி கரைந்து நின்றன. இந்த வயதில் எந்தக் கரையில் போய் இறங்குவது? அலை ஓர் உடைந்த துடுப்பை மணலில் தள்ளிவிட்டுப் போனது. கரை ஒதுங்கிய பொருளுக்குப் பறையடித்து உரியவரைத் தேடுவது அந்நாட்டு வழக்கம். ஒருவரும் கேட்காவிட்டால் அது அரசனுடையது. துடுப்பையே பார்த்துக்கொண்டு நின்றவர், பறையடிப்பவனைக் கூப்பிட்டார்.

"நங்கூரம் என்ற சொல்லுக்கு உரியவர் வந்து வாங்கிப் போகலாம்!"

அரசனும் வேடிக்கை பார்க்க வந்தான், புலவரும் வந்தார்.

பாரசீக மாலுமி சொல்லை வாயில் போட்டுப் பார்த்தான். "எங்களுடையது லங்கர். சாயல் இருக்கிறது. ஆனால் இது உங்கள் வீட்டில் வளர்ந்த பிள்ளை."

"எங்களிடம் லங்கரு இருக்கிறது, இது எதற்கு?" என்றார் தெலுங்கு வணிகர்.

சிங்களத் தோணிக்காரர் சிரித்தார். "நாங்கள் நெங்குரம என்கிறோம். உங்களிடம்தானே ஐயா வாங்கினோம்!"

வடக்கேயிருந்து வந்த யாத்திரிகன் தயங்கினான். "எங்கள் பக்கம் லங்கர் என்றால் வழிப்போக்கருக்குச் சோறு போடும் இடம்."

கடலடி இரும்பு எங்கோ கரையேறி, நீரில்லாச் சமவெளியில் அடுப்புப் புகையாக எழுவதை வெண்காடர் ஒரு கணம் கண்டார்.

பொழுது சாய்ந்தது.

"யாரும் கேட்கவில்லை அரசே. வழக்கப்படி இனி இது உங்களுடையது."

"நங்கூரம்," என்று அரசன் மெல்லச் சொல்லிப் பார்த்தான். பிடித்துப்போயிற்று. முத்துமாலையைக் கழற்றி அமைச்சருக்கு அணிவித்தான்.

"அப்படியானால் என் கனக்கொக்கி?" என்றார் புலவர்.

"அதற்கும் பறையடித்துவிடலாம்," என்றார் வெண்காடர். "கேட்பாரில்லாவிட்டால் அதுவும் அரசருக்கே."

அரசன் பதறி எழுந்தான். "ஐயோ, வேண்டாம்! புலவரே, அது உம்முடையதுதானே? இருட்டுவதற்குள் எடுத்துக்கொண்டு போம்!"