பூஜைக்கு மறுநாள் ஸ்டார்ட் ஆகாத லாரி

ஆயுத பூஜைக்கு மறுநாள் சங்ககிரி நல்லசிவத்தின் பழைய லாரி ஸ்டார்ட் ஆகவில்லை. சாவியைத் திருப்பினால் ‘டக்’ என்ற சத்தம்தான். ஆனால் முதலாளி வாய்க்கு மட்டும் எப்போதும் ஃபுல் சார்ஜ்.

“பேட்டரியைக் கெடுத்துட்டியேடா. வண்டியைக் கெடுத்தவன் இன்னிக்கே ஷெட்டை விட்டுப் போகணும்” என்று டிரைவர் மாதப்பனை எல்லார் முன்னாலும் ஏசினார்.

“ஆரா இருந்தாலுமுங்களா?”

“எங்கப்பனா இருந்தாலும்.”

மாதப்பன் பேட்டரியைத் தொடவில்லை. லாரியின் அடிச்சட்டமான சேஸில் பேட்டரியின் எர்த் ஒயர் மாட்டியிருந்த போல்ட்டைக் கழற்றினான். அடியில் பூஜைக்கு அடித்த பெயிண்ட் பளபளத்தது. இரும்பு தெரியச் சுரண்டிவிட்டு ஒயரை மாட்டி முடுக்கினான். சாவியைத் திருப்பியதும் வண்டி உறுமியது.

“பெயிண்ட் மேல ஒயரை மாட்டினா கரண்ட் எப்படிங்க போகும்? ஒயரைக் கழட்டி, ஒரு இடம் விடாம அடிங்கடான்னு நின்னு சொன்னது நீங்கதானுங்க. எப்பக் கெளம்பறீங்க, மொதலாளி?”