அருள்சீலன் எழுதிய பெயர்

பாளையங்கோட்டையில் ஓய்வுபெற்ற மருத்துவர்கள் சிலர் ஒரு சங்கம் வைத்திருந்தார்கள். தங்களைவிட மூத்த, வெளியே நடமாட முடியாத மருத்துவர்களின் வீட்டுக்கு வாரம் ஒருமுறை போய், ஒரு மணி நேரம் துணையாக உட்கார்ந்துவிட்டு வருவது அவர்கள் தாமாக எடுத்துக்கொண்ட வேலை. அதற்கு ஒரே விதி: போகிறவர் வைத்தியம் பார்க்கக் கூடாது. நாடி பிடிக்கக் கூடாது. மாத்திரை அட்டையைத் திருப்பிப் பார்க்கக் கூடாது. நாற்பது வருஷப் பழக்கத்தைச் செருப்போடு வாசலில் கழற்றிவிட வேண்டும்.

டாக்டர் அருள்சீலனுக்கு எண்பத்தொன்பது வயது. நெஞ்சு நோய் மருத்துவர். நோயாளி படியேறி வருவதைப் பார்த்தே பாதி நோயைச் சொல்லிவிடுவார் என்று பெயர். இப்போது காது கேட்பதில்லை. காதில் மாட்டும் மிஷின் ஒரு நீலப் பெட்டிக்குள் இருக்கும். வீடு மாடியில், பதினெட்டுப் படி. மாடி வராந்தாவில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார்.

அவரைப் பார்க்க மூன்று பேர் வந்தார்கள். திங்கட்கிழமை, அறுவை மருத்துவர் கோமதிநாயகம். மனைவி இறந்து எட்டு மாதம். டவுனிலிருந்து இரண்டு பஸ் மாறி வருவார். புதன்கிழமை, எதிர்வீட்டுக் குழந்தை மருத்துவர் ரெஜினா. வெள்ளிக்கிழமை, மயக்க மருந்து மருத்துவர் சுல்தான் மொய்தீன். ஜும்ஆ தொழுகை முடிந்து வீட்டுக்குப் போகும் வழி அது.

ஒரு நாள் சங்கத்தில் பேச்சு வந்தது. இரண்டு பெரியவர்களுக்கு ஆளே கிடைக்கவில்லை. அருள்சீலன் ஒருவரை மட்டும் வைத்துக்கொண்டால் மற்ற இருவரை அங்கே அனுப்பலாம். பெயரை அவரே எழுதிக் கொடுக்கட்டும் என்று முடிவாயிற்று.

"எழுதவே வேண்டாம், நான்தான்," என்றார் கோமதிநாயகம். "நான் பேசினா சார் ஒரு வார்த்தை குறுக்க பேசமாட்டாரு. முழு நேரமும் என் மூஞ்சியவே பாத்துட்டு இருப்பாரு."

"என்கிட்ட முழு நேரமும் சண்டைதான்," என்றார் ரெஜினா. "போன வாரம் வெளிய போன்னுட்டாரு. பாதிப் படி இறங்கினதும் கூப்பிட்டு மீதிச் சண்டையும் போட்டாரு."

"என்னைப் பாத்தா பத்தே நிமிஷத்துல தூங்கிருதாரு," என்றார் சுல்தான்.

"மயக்க மருந்து டாக்டர்லா! தொழில் எங்க போவும்?" என்று யாரோ சொல்ல, சிரிப்பு எழுந்தது.

"சிரிங்க சார். ராத்திரி பூரா தூக்கமே கிடையாதாம். நான் பக்கத்துல உக்காந்தாத்தான் கண்ணு மூடுதாம்."

கோமதிநாயகமும் சிரித்தார். ஆனால் அந்தத் தூக்கமும் அந்தச் சண்டையும் அவருக்குச் செரிக்கவில்லை. புதன்கிழமை, கண்ணாடியை மறந்து வைத்துவிட்டேன் என்று சொல்லிக்கொண்டு போனார். கண்ணாடி சட்டைப்பையில்தான் இருந்தது. உள்ளே ரெஜினா கையை ஆட்டிப் பேசிக்கொண்டிருந்தார். மேசைமேல் நீலப் பெட்டி திறந்து காலியாகக் கிடந்தது. மிஷின் பெரியவர் காதில். அதைக் காதில் கோமதிநாயகம் பார்ப்பது அதுவே முதல்முறை.

சமையல் பார்க்கும் செல்லக்கனியைத் தனியே கூப்பிட்டார். "இது எப்பம் வாங்கினது?"

"ரெண்டு வருசமாச்சே ஐயா. வெள்ளிக்கிழமை மாட்டிக்கிட்டேதான் தூங்குவாவ. திங்கக்கிழமை மட்டும் களத்தி வச்சிருவாவ. ஒங்க சத்தத்துக்கு அது கீச்சு கீச்சுங்குமாம்."

கோமதிநாயகம் படியிறங்கினார். மனைவியின் கடைசி நாட்களைப் பற்றி, பெற்ற மகனிடமும் சொல்லாததையெல்லாம் அந்த வராந்தாவில்தான் சொல்லியிருந்தார். வாரத்தில் அவர் வாய்திறந்து பேசும் மணி நேரம் அது ஒன்றுதான். அது செவிட்டுக் காதில் போயிருக்கிறது.

அடுத்த திங்களும் வந்தார். வழக்கம்போல அருள்சீலன் மேலிருந்து குனிந்து, அவர் படியேறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். இருமுறை நின்று மூச்சு வாங்கி ஏறினார் கோமதிநாயகம். வழக்கம்போலச் செல்லக்கனி நாலு இட்லி வைத்தாள். மற்ற இருவருக்கும் காப்பி மட்டும்தான். இட்லி திங்கட்கிழமைக்கு மட்டும், பெரியவர் உத்தரவு. கோமதிநாயகம் ஒன்றைப் பிட்டு வைத்துவிட்டு வாயை மூடிக்கொண்டார்.

அருள்சீலன் அந்த வாயையே பார்த்தார். சற்று நேரம் கழித்து நீலப் பெட்டியைத் திறந்து மிஷினை மாட்டிக்கொண்டார். காத்திருந்தார். மணி நேரம் முடிந்தது. கோமதிநாயகம் எழுந்தார்.

"கோமதி, இட்லி வச்சது வச்சபடி கிடக்கே," என்றார் பெரியவர்.

அன்று மாலையே சீட்டு சங்கத்துக்குப் போய்ச் சேர்ந்தது. அதில் ஒரே ஒரு பெயர்.

இப்போது நீங்கள் சொல்லுங்கள். சண்டை போட ஆசையாய்க் காதில் மிஷினை மாட்டிக்கொள்ள வைத்த ரெஜினாவா? கண் மூட வைத்த சுல்தானா? மிஷினைக் கழற்ற வைத்த கோமதிநாயகமா? அருள்சீலன் எழுதியது யார் பெயரை, ஏன்?

விடை: கோமதிநாயகத்தின் பெயரை. ரெஜினாவுக்கு எதிர்வீடு; சண்டை பாக்கி இருக்கும்வரை, சீட்டில் பெயர் இல்லாவிட்டாலும் வருவார். சுல்தானுக்கு அது வழி. அவரும் வந்து உட்காருவார். பெயர் இல்லையென்றால் வராமல் போகிறவர் ஒருவர்தான். அப்படி நின்றுபோனால் அவர் பேசவும் மாட்டார், சாப்பிடவும் மாட்டார். அருள்சீலன் அவர் கதையைக் கேட்கவில்லை என்பது உண்மை. மூச்சைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார், எத்தனை இட்லி இறங்குகிறது என்று பார்த்தார். வாய் நின்ற அன்றுதான் காது தேவைப்பட்டது. வைத்தியம் பார்க்கக் கூடாது என்ற விதி போகிறவருக்குத்தானே. வீட்டில் இருக்கிறவருக்கு அப்படி யாரும் விதி போடவில்லை. காரணம் தெரிந்தபோது ரெஜினா மட்டும் முணுமுணுத்தார்: "ஏழு மாசமா போறேன், எனக்கு ஒரு இட்லி வைக்கச் சொல்லலியே மனுஷன்."